தூணன் தாங்கிய அணை

ஏப்ரல் 6
கப்பலிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நகராமல் கிடப்பதை நலம் என்று சொல்லலாம் என்றால் கப்பலும் நலம். என் போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. விழாமல் இருந்தாலும், சார்ஜ் போடக் கப்பலில் மின்சாரம் கிடையாது. வியாழக்கிழமைதோறும் குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர்தான் இப்போது என் தபால்காரர். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு என்மேல் கோபம் என்று தெரியும். முதலாளி கைவிட்ட கப்பலைக் கோர்ட்டு பிடித்துவைத்திருக்கிறது. ஆளில்லாமல் விடக்கூடாது, ஒருத்தராவது இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். "யார் இருக்கீங்க?" என்று துறைமுக அதிகாரி கேட்டதும் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். "ரெண்டு மூணு வாரம்தான், கப்பல் வித்துடும்" என்றார் கப்பல் ஏஜெண்ட். அது மழைக்காலத்தில் சொன்னது. இப்போது அடிக்கிற வெயிலில் மேல்தளத்தில் முட்டையே பொரிக்கலாம். முட்டைதான் இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. தூணன் படம் வந்துவிட்டதாமே!

மேல்தளத்தில் ஏறி பைனாகுலரில் பார்த்தால் கடற்கரைச் சாலையில் பெரிய விளம்பரப் பலகை தெரிகிறது. அதில் தூணன் நிற்கிறான். ஆனால் அக்கா, நீலம்! நம் காமிக்ஸ் புத்தகத்தில் அவன் சாம்பல் நிறம். மை மலிவு என்பாய் நீ, கல்லின் நிறம் என்பேன் நான். எப்படியானாலும் நீலம் கிடையாது.

படகுக்காரர் "யாருங்க அது?" என்று கேட்டார். அசையாமல் நிற்கும்வரை மலையையே தாங்குவான், ஒரு விரல் அசைந்தாலும் சக்தி போய்விடும் என்று விளக்கினேன். "அப்ப மூக்கு அரிச்சா?" என்றார். இத்தனை வருடத்தில் நாம் இரண்டு பேரும் யோசிக்காத கேள்வி.

விரிசல் விட்ட அணையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றவன், பதிப்பகம் மூடிப்போனதால் அப்படியே நிற்கிறான். அவனை எப்படி அங்கிருந்து விடுவிப்பது என்று முப்பது வருடமாக நீயும் நானும் சண்டை போடுகிறோம். கார்ட்டூன் படக்காரர்கள் அந்தக் கதையை முடித்துவைத்திருக்கிறார்களாம். நீ போய்ப் பார். ஒரு காட்சி விடாமல் எழுது. முக்கியமாக முடிவு.

உன் தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

என் கோபம் உனக்கே தெரிந்திருப்பதால் அதை எழுதி மையை வீணாக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ சமையல்காரன். தூணன் இல்லை. கூடப்பிறந்ததென்று உனக்கு இருப்பது நான் ஒருத்தி, எனக்கு இருப்பது நீ ஒருத்தன். கையைத் தூக்கும்போது அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சரி, படத்துக்கு வருகிறேன். பள்ளிச் சீருடை தைக்கும் நேரம், தலைக்குமேல் வேலை. காலர் எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்க, அப்படியே போட்டுவிட்டுப் போனேன். உன் மாமாவும் வந்தார். பெயர் போடும்போது தூங்கியவர் இடைவேளையில் விழித்து "முடிஞ்சுதா?" என்றார்.

வரைந்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. தூணன் விரலில் நகக்கண்கூடத் தெரிகிறது. குரல்தான் சகிக்கவில்லை. தொண்டையில் தேனைத் தடவிக்கொண்டு பேசுகிறான். கல்லுக்கு எதுக்குடா தேன் குரல்? வில்லன் நடுக்கன் வரும் இடமெல்லாம் அருமை. அவன் காலைத் தரையில் தட்டியதும் ஊரே கிடுகிடுவென்று ஆடுகிறது, நம் நாற்காலியும் ஆடுவது போல இருக்கிறது. ஆனால் அவன் சட்டையைப் பார்த்தாயா, பார்த்திருக்க மாட்டாய், ஒரு காட்சியில் பொத்தான் வலப்பக்கம், அடுத்த காட்சியில் இடப்பக்கம். இத்தனை பேர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் சட்டை போட்டுப் பழக்கமில்லை போல. சட்டையின் தையல் விளிம்பையும் உள்பக்கமாக மடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நடுக்கன் அவ்வளவு பணக்காரன், அவனுக்கு அப்படி ஒரு தையல்காரனா?

படம் விட்டதும் வாசலில் ஒரு கும்பல், காகித முகமூடி மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தது. தலைமுடிக்குச் செம்பட்டை அடித்த ஒருத்தன், "காமிக்ஸைவிடப் படம் ரொம்ப ஆழம்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"எந்தக் காமிக்ஸ் படிச்சே நீ?"

"போன்ல கதைச் சுருக்கம் பார்த்தேன் ஆன்ட்டி."

"சுருக்கமா? நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ. அதுக்கப்புறம் எழுத்து மறக்காம வச்சிருந்தது தூணன்தான். எந்தப் புத்தகத்துல எந்தப் பாலத்தைத் தாங்கினான், கேளு, சொல்றேன்."

கேட்டார்கள். சொன்னேன். கடைசியில் "ஆன்ட்டி" போய் "அக்கா" ஆகிவிட்டது. கால் வலிக்க வலிக்க நின்று பேசிவிட்டுத்தான் வந்தேன். உன் மாமா தூணில் சாய்ந்து இன்னொரு தூக்கம் போட்டுவிட்டார்.

முடிவுதானே? நல்ல முடிவுதான். ஊர்க்காரர்கள் கல் கொண்டுவந்து இன்னொரு சுவர் கட்டினார்கள். தூணன் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். எல்லாரும் கைதட்டினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 24
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

நடுக்கனின் பொத்தானுக்கு அவ்வளவு எழுதினாய், முப்பது வருட முடிவுக்கு நாலு வரி. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. சுவர் கட்ட வேண்டுமானால் அவன் நிற்கிற இடத்தில்தானே முதல் கல் விழ வேண்டும்? அவன் காலை எடுக்காமல் எப்படி வைத்தார்கள்? இந்த ஓட்டையை நீ பார்க்காமல் விட்டிருப்பாயா? வேறு யாராவது இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் அவர்களை நார்நாராகக் கிழித்திருப்பாய்.

படகுக்காரரும் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார். நான் கேட்டதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"அணைக்குப் பின்னால ஏரியே இல்லைங்க. எப்பவோ காஞ்சு போச்சு. ஆடு மேயுது. ஊர்க்காரங்க டிக்கெட் போட்டு அவரைக் காட்டறாங்க. அவரு தலையைத் திருப்ப முடியாதில்ல, அவருக்கு மட்டும் தெரியாது. அதோட முடிஞ்சுது. எம் பொண்ணு அழுதுக்கிட்டே வந்தா."

அக்கா, நீ எனக்கு எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாய். ஊசி வலிக்காது என்றிருக்கிறாய். அதெல்லாம் போகட்டும். தூணன் விஷயத்திலா பொய்?

அன்றைக்கு உலை வைக்கவில்லை. மறுநாளும் இல்லை. தட்டைக் கழுவ வேண்டிய வேலை மிச்சம் என்று சிரித்துப் பார்த்தேன், கேட்க ஆளில்லை. ஒரே யோசனைதான். என் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? இங்கிருந்து பார்த்தால் எனக்கு என்ன தெரியும்? கோர்ட்டு இன்னும் என்னை இருக்கச் சொல்கிறதா, இல்லை எப்போதோ மறந்துவிட்டார்களா?

படகுக்காரர் இதைச் சொன்ன அன்று ஏஜெண்டும் அதே படகில் வந்திருந்தார். கேட்டேன். "இதெல்லாம் நீங்க எதுக்கு யோசிக்கிறீங்க? வாடகை இல்லாத வீடு, கடல் காத்து. ராஜா மாதிரி இருங்க" என்றார். கயிற்று ஏணியில் ஒரு படிகூட ஏறாமல், படகில் நின்றபடியே இதைச் சொன்னார்.

தம்பி


மே 2

டேய்,

ஆமாம், பொய்தான் சொன்னேன். இப்போது என்ன?

அந்தக் கடைசிக் காட்சியில் படம் மெதுவாக அணைக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஆடுகள். ஒரு ஆட்டின் கழுத்து மணிச் சத்தம். எனக்குத் தூணன் தெரியவில்லையடா, மேல்தளத்தில் பைனாகுலரும் கையுமாக நீதான் தெரிந்தாய். இதைப் போய் உனக்கு எழுதச் சொல்கிறாயா? அங்கே பேச்சுத் துணைக்கு ஒரு காக்கைகூட இல்லாதவனுக்கு? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துத்தான் அந்தச் சுவரைக் கட்டினேன். ஓட்டைச் சுவர்தான். அவசரத்தில் கட்டியது.

கோபித்துக்கொள். உலை மட்டும் வை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. இரண்டு சட்டைக்கு இடது கையையே இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன். படத்தைக் குறை சொன்ன வாய். உன் மாமாவிடம் "நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"எங்கே?"

"துறைமுக ஆபீசுக்கு."

"கார்ட்டூன் பார்த்துட்டு கோர்ட்டுக்குப் போறியா? உலகத்துல நீ ஒருத்திதான்டி."

"ஏரியில தண்ணி இருக்கான்னு எட்டிப் பார்த்து அவன்கிட்ட சொல்ல அந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல. இந்த ஊர்ல நான் இருக்கேன்."

டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். வழியில் சாப்பிட என்ன வேண்டும் என்று நாலு தடவை கேட்டார். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நான் ரயிலில் இருப்பேன்.

அக்கா


மே 11
துறைமுக விடுதி அறையிலிருந்து

தம்பி,

உன் படகுக்காரர் நாளைக்கு வருகிறாராம். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். வெளியாள் கப்பலுக்குப் போக அனுமதி கிடையாது என்று துறைமுக வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அதனால் கடிதம் வருகிறது, நான் வரவில்லை.

துறைமுக ஆபீசில் ஜன்னல் ஜன்னலாக அனுப்பினார்கள். மூன்றாவது ஜன்னலில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "படிச்சவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"கேட்கறதுக்குப் படிப்பு எதுக்குங்க? பதில் சொல்றவங்க படிச்சிருந்தா போதும்."

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

உன் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. உத்தரவு இன்னும் இருக்கிறது. கப்பல் விற்கவில்லை, எப்போது விற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தர் இருந்தே ஆகவேண்டும். ஆனால் அந்த ஒருத்தர் நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கப்பல் வேலை தெரிந்த யார் வந்து பொறுப்பேற்றாலும் அன்றைக்கே நீ இறங்கலாம். முதல் வாரமே இறங்கியிருக்கலாம். ஏஜெண்ட் இதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாற்று ஆள் தேடுகிற வேலை அவர் தலையில் விழுந்திருக்கும்.

"அப்ப நான் இருக்கேன்" என்றேன்.

"கப்பல் வேலை தெரியுமா?"

"சமைப்பேன். தைப்பேன். யார் வந்தாலும் விரட்டுவேன்."

அது போதாதாம். கப்பலில் வேலை பார்த்த சான்று வேண்டுமாம்.

சாயங்காலம் கடலுக்குள் நீளும் கல்தடுப்பின் கடைசிவரை நடந்தேன். உன் கப்பல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. பையிலிருந்த வெள்ளைச் சட்டைத் துணியை எடுத்து வீசி வீசிக் காட்டினேன். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நீ பார்த்தாயா தெரியவில்லை.

அந்தப் படத்தில் எனக்கு எங்கே உறுத்தியது என்று அங்கே நிற்கும்போதுதான் பிடிபட்டது. ஏரி காய்ந்தது சரி, மழை பொய்த்தால் காயும். டிக்கெட் போட்டு விற்றது சரி, மனுஷன் விற்பான். ஆனால் ஏரி நிரம்பியிருந்த காலத்திலும் ஒருத்தன்கூடவா வந்து, "ஐயா, நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன், நீங்க மூக்கைச் சொறிஞ்சுக்குங்க" என்று கேட்கவில்லை? அவனுக்குத்தான் சக்தி, நமக்கில்லை என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நம் புத்தகம் எழுதியவரும் இதை யோசிக்கவில்லை. நீயும் நானும்கூட யோசிக்கவில்லை.

உன்னோடு வேலை பார்த்தவர்களைத் தேடிப் போகிறேன். அவர்கள் ஊரெல்லாம் நீ முன்பே சொல்லியிருக்கிறாய்.

அக்கா


மே 12
கப்பலிலிருந்து, படகு காத்திருக்கிறது

அக்கா,

போகாதே. அவசரமாக எழுதுகிறேன்.

ஒரு தடவை திரும்பியபோது வெள்ளையாக ஏதோ ஆடியதைப் பார்த்தேன். யாரோ துணி காயப்போடுகிறார்கள் என்று நினைத்தேன். பைனாகுலர் கீழே இருந்தது. என் இரண்டு கையும் பம்பில் இருந்தன. உனக்கு எழுதாமல் விட்டது இது. கப்பலின் அடியில் தண்ணீர் ஊறுகிறது. டீசல் இல்லாததால் எஞ்சின் ஓடாது. காலையும் மாலையும் கைப்பம்பால் இறைத்துக் கடலில் கொட்டுகிறேன். இரண்டு நாள் விட்டால் கப்பல் ஒரு பக்கம் சாயத் தொடங்கும். நீ என்னைப் பார்த்துக் கை வீசியபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு இறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் கையைத் தூக்கியபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் கட்டிப்பிடித்தார். ஃபிட்டர் கண்ணைத் துடைத்தார். கப்பலில் சமையல்காரனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை அக்கா. உப்பு அதிகம், எண்ணெய் குறைவு, அவ்வளவுதான் என்னிடம் பேச்சு. அந்த ஒரு பார்வையை வைத்துத்தான் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன். நீ போய் அவர்கள் கதவைத் தட்டினால் அதுவும் போய்விடும். பிறகு எனக்கு இங்கே இந்தப் பம்பு மட்டும்தான் இருக்கும்.

படகுக்காரர் கூப்பிடுகிறார். போகாதே.

தம்பி


மே 22

தம்பி,

தட்டிவிட்டேன்.

கேப்டன் வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடந்தது. "அவர் ஊர்ல இல்லைங்களே" என்றார் அவர் மனைவி, ஜன்னல் வழியாக. "பரவாயில்லை, செருப்புகிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்று செருப்பைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

ஃபிட்டர் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார். உன்னைத் தெய்வம் என்றார். முட்டி வலி என்றார். மறுபடி தெய்வம் என்றார். தெய்வத்துக்கு முட்டி வலிக்காது என்று நினைக்கிறார் போல.

உப்புக்காக உன்னோடு சண்டை போட்ட எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற எண்ணெய்க்காரர் வீட்டுக்குக் கடைசியில்தான் போனேன். பட்டறையில் ஸ்பேனரும் கையுமாக இருந்தார்.

"உங்க தம்பி கை தூக்கினப்ப எனக்கு அவன்மேல எரிச்சல்தான் வந்துச்சு" என்றார்.

"ஏன்?"

"யோசிக்கவே விடலியே அவன். அதிகாரி கேட்டு வாய் மூடறதுக்குள்ள தூக்கிட்டான். இன்னொரு தடவை கேட்டிருந்தா யாராவது மாத்தி மாத்தி இருக்கலாம்னு சொல்லியிருப்போம். நானே சொல்லியிருப்பேன். சொல்லாமயும் இருந்திருப்பேன், யார் கண்டா? எங்களை ஒரேயடியா சின்ன மனுஷங்களாக்கிட்டு, அவன் பெரிய மனுஷனா நின்னுட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. உனக்கும் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை படகில் அதிகாரியோடு வருகிறார். ஆனால் இதைக் கேள். நடுவில் ஏஜெண்ட் அவரோடு போனில் பேசியிருக்கிறார். "ரெண்டு மூணு வாரம்தான், வித்துடும்" என்று உனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லியிருக்கிறார். அவர் நம்பிவிட்டார். அது பொய் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வரமாட்டார் என்று பயம். நீ இறங்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் தெரியும். இனி உன் பாடு.

அக்கா


மே 28
கரையிலிருந்து

அக்காவுக்கு,

கரையிலிருந்து என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் தரை ஆடுகிறது. நின்றால் சுவரைப் பிடிக்கிறேன்.

வியாழக்கிழமை எண்ணெய்க்காரர் ஏணியில் ஏறி வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார். உன் கடிதமும் அதே படகில்தான் வந்தது; படித்ததும் பையைக் கட்டி வாசலில் வைத்தேன். அதிகாரி படகிலேயே உட்கார்ந்துவிட்டார். பம்பைக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி, அரிசி, எலி வரும் வழி, எல்லாம் காட்டினேன்.

"சரி, மூணு வாரம் ஓட்டிடலாம்" என்றார்.

அக்கா, "ஆமா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் இப்படித்தான் தலையாட்டினேன்.

"பொய் அது" என்றேன். "எப்ப விக்கும்னு யாருக்கும் தெரியாது. வருஷமும் ஆகலாம். அடியில தண்ணி ஊறுறது நிக்காது."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே படகுக்காரர் ஹாரன் அடித்தார்.

"இதை நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"தெரியும்."

"சொல்லிட்டியே. இப்ப நான் இறங்கினா நான் என்ன மனுஷன்?"

"இறங்குங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"மறுபடியும் பாரு. மறுபடியும் நீயே பெரிய மனுஷன்." என்னைப் பிடித்து உலுக்கிவிடுவார் போல இருந்தது. பிறகு எழுந்து பம்பின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "எண்ணெய் போட்டிருக்கியா இதுக்கு? கத்துது. சரி, கேளு. அடுத்த மழை தொடங்குறவரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். அதுக்குள்ள அடுத்த ஆளை நீதான் கொண்டாரணும். அவனுக்கு அடுத்தவனை அவன் கொண்டாரட்டும். கை தூக்கறது எல்லாம் வேணாம். முறை வச்சுக்கலாம்."

அதிகாரியின் தாளில் பெயரை மாற்றினார்கள். நான் இறங்கினேன். ஏணியில் என் கால் படியைத் தேடியது. படகுக்காரர் பிடித்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம் தாடியோடும் கப்பல் நாற்றத்தோடும் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். குரல் தேன்தான். பொத்தானும் மாறத்தான் செய்கிறது, நீ சொன்ன இடத்திலேயே. தூணன் அணையில் கையை ஊன்றியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். முடிவுக்குப் பயந்து இல்லை. பம்பு அடிக்கிற நேரம் ஆகிவிட்டது.

கல்தடுப்பின் நுனிக்கு ஓடினேன். கப்பல் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது, நீ எழுதியதுபோல. விலாவில் ஒன்றும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மறந்துவிட்டாரா, கைப்பிடி இறுகிவிட்டதா, ஒருவேளை... என்று இங்கிருந்தே என் தோள் வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் மெல்லிசாக ஒரு கோடு, நூல் போல, கப்பலின் வயிற்றிலிருந்து கடலில் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. இறைக்கிறார். நான் இறைப்பதைவிட வேகமாகவே இறைக்கிறார். அந்த நூல் அறுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் அறைக்கு வந்தேன்.

நாளைக்கு ரயில். ஆனால் நேராக வீட்டுக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வழியில் ஃபிட்டர் ஊரில் இறங்குகிறேன். முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி